வேருக்கு முதலில் மூச்சு

பிள்ளை,

மெல்பேர்ணில் உன் யூனிட்டின் பால்கனியில் தண்ணீர்த்தொட்டி வைத்துக் கீரை வளர்க்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னார். என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். பட்டியல் சின்னது. மூடியுள்ள ஒரு தொட்டி, மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுப் பம்பு ஒன்று, அதற்கு மெல்லிய குழாய், குழாய் நுனியில் மாட்டக் காற்றுக்கல், மூடியில் துளை போட்டு இறக்க வலைச்சட்டிகள், அவற்றை நிரப்பச் சுட்ட களிமண் உருண்டைகள், ஏ, பி என்று இரண்டு போத்தலில் வரும் உரக்கரைசல், தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பார்க்க ஒரு கருவி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைப் பார்க்க இன்னொன்று. சனிக்கிழமை காலையில் பன்னிங்ஸ் ஹார்ட்வெயார் கடைக்கும் மீன்தொட்டிக் கடைக்கும் ஒரு நடை போய்வந்தால், பின்னேரத்துக்குள் பூட்டி முடித்துவிடுவாய். அதற்குப் பிறகு வரும் மாதங்களில் உன் கையையும் மனதையும் எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. தொட்டி பெரிதாக இருக்கட்டும். ஒரு சின்ன வாளியில் பழகிவிட்டுப் பிறகு பெரிதாகப் போகலாம் என்றுதான் புதியவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். தண்ணீரில் அது தலைகீழ். கொஞ்சத் தண்ணீரில் எல்லாமே சட்டென்று மாறும். ஒரு மத்தியான வெயிலில் சூடேறும். செடி குடிக்கக் குடிக்க மிச்சத்தில் உப்பு ஏறும். அமிலம் ஒரு துளி கூடினாலும் பி.எச். கீழே விழும். ஐம்பது, அறுபது லீற்றர் தொட்டியில் அதே பிழைகள் மெதுவாக நடக்கும். நீ பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும். என் ஐயா, உன் அப்பப்பா, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வைத்தவர். ஒரு நாள் இறைப்புத் தவறினாலும், எரு ஒரு கூடை கூடிப்போனாலும், அந்த மண் தாங்கிக்கொண்டது. மண் மன்னிக்கும், தண்ணீர் அன்றன்றே கணக்குக் கேட்கும். ஆனால் அறுபது லீற்றர் தண்ணீர் அறுபது கிலோ பாரம் என்பதை மறக்காதே. பால்கனியில் வைக்கும் முன்பு கட்டடத்தின் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேள். கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் கசிந்த பிறகு கேட்பதைவிட அது நல்லது. தொட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று பொறித்த பிளாஸ்ரிக்காக, உணவு வைக்க ஏற்றதாகப் பார்த்து எடு. மலிவாகக் கிடைக்கிறதென்று முன்பு இரசாயனம் இருந்த பீப்பாயைத் தொடாதே. எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம்.

2. முதல் நடுகைக்கு ஆறு சலாதுச் செடி போதும். தக்காளியும் கத்தரியும் மனதை இழுக்கும். அவை மாதக்கணக்கில் கிடந்து, தொட்டி முழுக்க வேரைப் பரப்பி, உன் பொறுமையைச் சோதிக்கும். சலாது ஐந்தாறு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பிழை விட்டாலும் ஐந்தாறு வாரத்தில் மறுபடி தொடங்கலாம்.

3. கற்றதை ஒளிக்காதே. இந்தக் கலைக்கு ‘ஹைட்ரோபொனிக்ஸ்’ என்ற பெயரை 1937இல் ஊரறியச் செய்தவர் வில்லியம் கெரிக். காலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேலை செய்தவர். வெறும் தண்ணீரும் உப்பும் கொண்டு ஆளுயரத்தையும் தாண்டித் தக்காளிக் கொடி வளர்த்துக் காட்டினார். பத்திரிகைகள் கொண்டாடின. கலவைக் கணக்கைத் தா என்று பல்கலைக்கழகம் கேட்டபோது, வீட்டில் என் சொந்த நேரத்தில் கண்டுபிடித்தது என்று சொல்லி மறுத்துவிட்டார். கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டே போனார். அதே இடத்தில் இருந்த டெனிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938இல் ஒரு சின்னக் கைநூல் எழுதி, எந்த உப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நல்ல மண்ணில் வரும் விளைச்சலைவிடத் தண்ணீரில் அதிகம் வந்துவிடாது என்றும் அதிலேயே நேர்மையாக எழுதினார்கள். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் பயிருக்கு ஊற்றும் கரைசலுக்கு ஹோக்லண்ட் கரைசல் என்றுதான் பெயர். உன் முதல் சலாதைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் நீ போடுவாய், போடு. அழுகிப்போன செடியின் படத்தையும் போடு.

4. செடிக்கு முதலில் மூச்சைக் கொடு, பிறகு சாப்பாட்டைக் கொடு. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால் இதை வை. எங்கள் ஆட்களுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு போடுவது. விருந்துக்கு வந்தவர் போதும் போதும் என்று கையை மறிக்க மறிக்க இன்னொரு அகப்பை வைப்போமே, செடியையும் அப்படித்தான் நடத்துகிறோம். இலை வாடினால் உரம், வெளுத்தால் உரம், வளராவிட்டால் இன்னும் உரம். தண்ணீருக்குள் நிற்கும் வேர் பெரும்பாலும் பட்டினியால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது. வேரும் எங்களைப் போல ஒட்சிசனை எடுத்துத்தான் உயிர் வாழ்கிறது. இருபது பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். முப்பது பாகைக்குச் சூடேறினால் ஏழரைதான் நிற்கும். அதே சூட்டில் வேருக்குத் தேவைப்படும் மூச்சோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் நேரம் அது. அதனால் பம்பை இரவும் பகலும் ஓட விடு. இரவில் சத்தம் நித்திரையைக் குழப்புகிறது என்று நிறுத்தி வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். இங்கே சிட்னியில், பெண்டில் ஹில்லில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பகலில் செடி நன்றாகத்தானே இருந்தது என்று கடைசிவரை அவருக்குப் புதிராகவே இருந்தது. சத்தம் தாங்காவிட்டால் பம்பின் அடியில் ஒரு துண்டு ரப்பரை வை.

தண்ணீர் மட்டத்திலும் இதே கதைதான். நாற்றை வைத்த முதல் நாட்களில் தண்ணீர் வலைச்சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். வேர் கீழே இறங்கி நீண்ட பிறகு, மட்டத்தை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறக்கி, சட்டிக்கும் தண்ணீருக்கும் இடையில் வெற்றிடம் விடு. அந்த இடைவெளியில் நிற்கும் வேர்கள் ஈரக்காற்றைக் குடித்துப் பழகிக்கொள்ளும். ஆசையில் தொட்டியை விளிம்புவரை நிரப்பாதே.

5. உரத்தை அரைப்பங்கில் தொடங்கு. போத்தலில் எழுதியிருப்பது விற்பவரின் கணக்கு. இளநாற்றுக்கு அதில் பாதி போதும். இலை விரிந்து வேகம் பிடித்த பிறகு கூட்டலாம். ஏ, பி இரண்டையும் தனித்தனியாகத் தொட்டித் தண்ணீரில் விட்டுக் கலக்கு. தண்ணீர் சேர்க்காமல் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிவிடாதே. ஒன்றில் இருக்கும் கல்சியம் மற்றதில் இருக்கும் சல்பேற்றையும் பொஸ்பேற்றையும் பிடித்து வெள்ளை வண்டலாக அடியில் உட்கார்ந்துவிடும். பிறகு எந்த வேராலும் அதை எடுக்க முடியாது.

சலாதின் குருத்திலைகள் விளிம்பில் கருகும் நாள் ஒன்று வரும். கல்சியம் போதவில்லை என்று யாராவது சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் தொட்டியில் கல்சியம் இருக்கும். உள்ளே மூடிக் கிடக்கும் குருத்துக்குக் காற்றோட்டம் இல்லாததால் அங்கே நீர் ஏறாது. நீர் ஏறாத இடத்துக்குக் கல்சியமும் போகாது. இன்னும் உரம் ஊற்றினால் உப்பு ஏறி, செடி தண்ணீர் இழுக்க இன்னும் கஷ்டப்படும். உரத்தைக் குறைத்து, ஒரு சின்ன விசிறியைப் பக்கத்தில் வை. அள்ளிப் போடுவதால் தீராத குறைகள் உண்டு என்பதை நான் கற்றது இந்தச் சலாதிடம்தான். நாலு பிள்ளை வளர்த்தபோது அது எனக்குப் பிடிபடவில்லை.

6. உன் ஊர்த் தண்ணீரின் குணத்தை அறிந்து வை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது; கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தக் கல்லுத்தண்ணீரில் பி.எச். இலேசில் அசையாது. உனக்கு அங்கே வருவது பெரும்பாலும் யாரா மலைப்பக்கத்துக் காடுகளில் சேர்ந்த மழைநீர், மிக மென்மையானது. எங்களுக்கு இங்கே சிட்னியில் பெரும்பகுதி வரகம்பா அணையிலிருந்து, இதுவும் மென்மைதான். மென்மையான தண்ணீர் கீரைக்கு நல்லது, ஆனால் பி.எச்.ஐத் தடுத்து நிறுத்தப் பாரம் ஒன்றும் உள்ளே இல்லாததால் அது இங்கும் அங்கும் ஓடும். 5.5க்கும் 6.5க்கும் இடையில் எங்கே நின்றாலும் விட்டுவிடு. 5.8தான் சரி என்று புத்தகத்தில் படித்துவிட்டு, காலையில் ஏற்றி மாலையில் இறக்கி, அமிலமும் காரமும் உள்ள இரண்டு போத்தலோடும் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தால் செடி உன் கையால்தான் சாகும். திருத்த வேண்டுமென்றால் சில துளி விட்டு, கலக்கி, பம்பு ஓட விட்டு, சில மணி நேரம் கழித்துப் பார். அமிலத்தைத் தண்ணீரில் விட வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை போடு. பக்கத்து வீட்டுக் குழந்தை உங்கள் பால்கனிக்கு வந்து விளையாடும் என்று அம்மா சொன்னார்; அந்தப் போத்தல்களைப் பூட்டிய அலுமாரியில் வை.

குழாய்த் தண்ணீரில் கிருமிக்குப் போடும் குளோரின் ஓரிரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். சிட்னியின் பல பகுதிகளில் கலப்பது குளோரமைன். அது அப்படிப் பறக்காது. மீன் வளர்ப்பவர்கள் விடும் குளோரின் நீக்கித் துளிகள் இரண்டுக்கும் சரி.

7. வெயிலுக்கு மரியாதை கொடு. 2020 ஜனவரி 4ஆம் திகதி எங்களுக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 பாகை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற கறிவேப்பிலையே இலையைச் சுருட்டிக்கொண்டது. வெளியே கறுப்புத் தொட்டி வைத்திருந்தவர்களின் பாடு என்னவென்று யோசித்துப் பார். உங்கள் மெல்பேர்ணும் 2009 பெப்ரவரி 7இல் 46.4 பாகையைக் கண்ட ஊர். வெள்ளைத் தொட்டி வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பாசி பிடிக்கச் செய்யும். கறுப்புத் தொட்டி வெளிச்சத்தை மறிக்கும், ஆனால் சூட்டை இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி: வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு மை, அது காய்ந்ததும் அதன் மேல் வெள்ளை மை. தண்ணீர் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு பாகைக்குள் இருப்பது சலாதுக்குச் சுகம். இருபத்தைந்தைத் தாண்டும் நாளில், தண்ணீர் நிரப்பி உறைய வைத்த சோடாப் போத்தல் ஒன்றைத் தொட்டிக்குள் மிதக்க விடு; உருகியதும் மாற்று. இதெல்லாம் சமாளிப்புத்தான். உண்மையான புத்தி, கோடையில் சலாது வைக்காமல் இருப்பது. எங்கள் தைப்பொங்கல் இங்கே கடுங்கோடையில் வருகிறது. ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்து விதை போட்டால் ஏமாறுவாய். சலாதும் கொத்தமல்லியும் மார்ச் கடைசியில் வை. முளைக்கீரை சூடு கேட்பது. அதை நவம்பரில் வை. மெல்பேர்ண் ஜூலைக் குளிரில் எதுவும் வளராமல் நின்றால் பதறாதே. அது சாகவில்லை, காத்திருக்கிறது. உரம் ஊற்றி எழுப்பப் பார்க்காதே.

8. கரண்டும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இதில் விளையாட்டு இல்லை. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வை. இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய்வழி திரும்பிப் பம்புக்குள் இறங்கும். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வு மீன்தொட்டிக் கடையில் சில டொலருக்குக் கிடைக்கும், அதையும் போடு. வயர் சுவர்ப் பிளக்குக்கு வரும் முன்பு ஒரு தரம் கீழே தொய்ந்து மேலே ஏறட்டும். ஒழுகி வரும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். உன் யூனிட்டின் மின்பெட்டியில் சேஃப்டி சுவிட்ச் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி, உரிமம் உள்ள மின்தொழிலாளியை வரவழை. யூரியூப் பார்த்து நீயே கழற்றாதே.

9. தினமும் ஒரு தரம் பார், பார்த்ததை எழுது. ஒரு கொப்பி போதும். திகதி, தண்ணீரின் சூடு, பி.எச்., உப்பின் அளவு, எவ்வளவு தண்ணீர் விட்டாய், இலை எப்படி. உப்புக் கருவி காட்டும் எண் சலாதுக்கு 0.8க்கும் 1.2க்கும் இடையில் இருக்கட்டும். எண்ணைவிட அது போகும் திசையைப் பார். எண் ஏறினால், செடி சாப்பாட்டைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது. வெறும் தண்ணீர் விடு. எண் இறங்கினால் பசியோடு இருக்கிறது; உரம் கொஞ்சம் விடு. எண் ஏறாமலும் இறங்காமலும், இலையும் அசையாமலும் நின்றால் வேரில் ஏதோ நடக்கிறது. மூடியைத் தூக்கிப் பார். பழைய இலை மஞ்சளானால் பெரும்பாலும் நைதரசன் குறைவு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு ஏறவில்லை. அநேகமாகத் தண்ணீரில் இரும்பு இருக்கும், பி.எச். கூடியதால் செடியால் எடுக்க முடிந்திருக்காது. இதையெல்லாம் கொப்பி சொல்லித் தரும். நீ மறந்துபோய்ப் பார்க்காமல் விட்ட நாட்களையும் வெற்றுக் கோடாக விடு. பிறகு ஞாபகத்திலிருந்து நிரப்பாதே. என் பழைய கொப்பிகளில் எண்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன; செடி ஏன் செத்தது என்பதற்கு மட்டும் அவற்றில் பதில் இல்லை.

10. அழுகியதைத் தூக்கி எறியப் பழகு. நல்ல வேர் வெள்ளையாக, வாசமில்லாமல் இருக்கும். பழுப்பாகி, தொட்டால் வழுவழுத்து, குளத்துச் சேறு போல நாறினால் பித்தியம் என்ற பூஞ்சை மாதிரியான ஒன்று உள்ளே புகுந்துவிட்டது. சூடான, மூச்சில்லாத தண்ணீர்தான் அதற்கு வீடு. ஆறில் ஒன்றுதானே அழுகியது, மிச்சம் ஐந்தையும் காப்பாற்றுவோம் என்று மனம் கெஞ்சும். அவை குடித்ததும் அதே தண்ணீர்தான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொட்டி, சட்டி, காற்றுக்கல் எல்லாவற்றையும் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்து, புதிதாகத் தொடங்கு.

11. பணம் இல்லாமலும் இது நடக்கும். 1946இல் வங்காளத்தின் கலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் வேலை தொடங்கினார். ஏழை வீடுகளில் கிடைக்கும் சாமானைக் கொண்டே மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் முறையை உருவாக்கி 1951இல் புத்தகமாகவும் எழுதினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பம்பையே விலக்கினார். தொட்டியை ஒரு தரம் நிரப்பி மூடிவிட்டால், செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கி வேருக்குக் காற்றிடம் தானாகக் கிடைக்கிறது. சலாது அறுவடைக்கு வரும்போது தண்ணீரும் முடிந்திருக்கும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் இருக்கும் உன் மச்சாளுக்கு அந்த முறையைச் சொல்லிக் கொடு. விலைகூடிய விளக்கும் கூடாரமும் விற்கும் கடைகளுக்குள் நீ போக வேண்டிய தேவையே இல்லை. அந்தக் கடைகளின் வாடிக்கையாளர் எல்லோரும் சலாது வளர்ப்பவர்கள் அல்லர், கஞ்சா வளர்ப்பவர்களும் உண்டு என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். தெற்கு அவுஸ்திரேலியாவில் 2009இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்து, சில சாமான்களை விற்க உரிமம் வேண்டும், வாங்குபவரின் விபரத்தைப் பதிய வேண்டும் என்று ஆகிவிட்டது. உன் பெரியம்மா இன்றைக்கும் என் கராஜுக்குள் விளக்கு எரிந்தால் கதவைத் திறந்து வைக்கச் சொல்வாள். தெருவில் போகிறவர்கள் கீரையைப் பார்க்கட்டுமாம்.

12. எந்தச் செடியை வீட்டுக்குள் விடுகிறாய் என்பதில் கண்ணாக இரு. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது எங்கள் ஆட்களின் கதை. இலங்கையிலிருந்து இங்கே வந்தவர்களுக்குப் பொன்னாங்காணி இல்லாமல் இருக்க முடியவில்லை. சிங்களவர்கள் முகுனுவென்ன என்பார்கள். அவர்களுக்கும் அதே ஏக்கம். அதே சாயலில் ஒரு செடி இங்கே கிடைத்தது. யாரோ ஒருவர் ஒரு தண்டைக் கொடுக்க, அது வேர்விட, இன்னொருவர் அதில் ஒடித்துக் கொண்டுபோக, கொல்லை கொல்லையாகப் பரவியது. வறுத்துச் சாப்பிட்டார்கள், ருசியும் ஏறக்குறைய அதுதான். அது பொன்னாங்காணி இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலிகேற்றர் வீட் என்ற களை. 1946இல் நியூகாசிலில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களின் அடிப்பாரத்தோடு வந்திருக்கும் என்கிறார்கள். கணுவோடு ஒரு துண்டுத் தண்டு போதும், ஆற்றை மூடிவிடும். இந்த நாட்டின் மிக மோசமான களைகளின் பட்டியலில் அதுவும் ஒன்று. 1990களின் நடுப்பகுதியில் மெல்பேர்ண் கொல்லைகளில் அது கீரையாக வளர்வது தெரிய வந்தபோது அதிகாரிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனால் விக்டோரியா அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பிடுங்கு என்று சொன்னதோடு நிற்காமல், இலங்கை மக்களோடு கதைத்து, பொன்னாங்காணியின் உறவான இந்த நாட்டுச் செடி ஒன்றை மாற்றுக் கீரையாக முன்வைத்தது. தண்ணீர்த்தொட்டிக்காரி நீ இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் களைக்கு உன் தொட்டியை விடச் சுகமான இடம் கிடையாது. கோயிலடியில் சந்தித்த மாமி அன்போடு ஒரு தண்டைத் தந்தால் நன்றி சொல்லி, பெயர் உறுதியாகத் தெரியும்வரை நடாமல் வை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையில் விதை இருந்தால், விமானத்தில் தரும் அட்டையில் உள்ளபடி ‘ஆம்’ என்று குறி. அதிகாரிகள் பறித்து வைத்துக்கொண்டால் ஒரு பிடி விதைதான் போகும். பச்சைக் கறிவேப்பிலையை ஒளித்துக் கொண்டுவரும் பழக்கத்தையும் விடு. தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில்தான் ஒட்டி வரும்.

13. பழைய தண்ணீர் எங்கே போகிறது என்று யோசி. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அதில் இன்னும் உரம் இருக்கும். வீதி வடிகாலில் ஊற்றினால் அது சுத்திகரிக்கப்படாமல் ஓடை வழியாகப் போர்ட் பிலிப் குடாவுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். பூச்சாடிக்கோ, கீழே இருக்கும் எலுமிச்சை மரத்துக்கோ ஊற்று. பேங்க்ஸியா, கிரெவிலியா போன்ற இந்த நாட்டு மரங்களுக்கு மட்டும் வேண்டாம். பொஸ்பரஸ் குறைந்த மண்ணில் வாழ்ந்து பழகியவை, உன் உரம் அவற்றுக்கு நஞ்சு. மூடியில் செடி வைக்காத துளைகளை அடைத்து வை, நுளம்பு முட்டையிடும்.

அடுத்த மாதம் உன் தம்பியின் பட்டமளிப்புக்கு நாங்கள் அங்கே வருகிறோம். பி.எச். கருவியைச் சரிபார்க்கும் கரைசல் என்னிடம் கூடுதலாக இருக்கிறது, அதைக் கொண்டு வருகிறேன், நீ வாங்காதே. ஒருவழி வால்வை மட்டும் இந்தச் சனிக்கிழமையே வாங்கிப் போட்டுவிடு.

அன்புடன்,
பெரியப்பா
தூங்காபி, சிட்னி